இடக்கையில் வாங்கிய ஊதியம்

மழை பெய்த நாளை நினைவில் வைத்துக்கொள்ளாத துனீசியத் தென்னாட்டு மலைகளின் மொட்டை முதுகில் ஞாயிற்றின் முதற்கதிர் ஏறி, பள்ளத்தாக்கில் வரிசையாக நின்ற சரக்குவண்டிகளின் மேலும், அவற்றில் குவிந்துகிடந்த, உரம் செய்யத் தோண்டியெடுத்த சாம்பல்நிறக் கல்லின் மேலும், அக்கல்லின் துகள் படிந்து வெளிறிப்போன வீட்டுக்கூரைகளின் மேலும் மெல்லப் பரவிக்கொண்டிருந்த வைகறை அது. மலைப்புல்லைச் சீவிவந்த குளிர்காற்று, கரியடுப்பின் புகையையும் கறுப்பாகக் கொதிக்கும் தேநீரின் மணத்தையும் ஒன்றாகச் சுருட்டிச் சுரங்க வாயிலில் கூடியிருந்த மாந்தரின் முகங்களில் எறிந்தது. மற்ற நாள்களில் அந்த வேளையில் ஒருவர் சமையலை ஒருவர் இழிப்பதும், ஒருவர் மாமியாரை ஒருவர் வாழ்த்துவதுமாக அவ்விடம் கலகலக்கும். இப்போதோ சில நாள்களாக அங்கே தேநீரை உறிஞ்சும் ஒலியைத் தவிர வேறொன்றும் கேட்பதில்லை.

அக்கூட்டத்தில் சற்று ஒதுங்கி நின்றவன் லஸ்ஹர். மீசை முளைக்கும் முன்பே மலைக்குள் இறங்கி, அது நரைக்கும் வரையில் அங்கேயே உழைத்தவன். கடப்பாரையின் முனையால் மேற்பாறையைத் தட்டி, எழும் ஒலியைக் கேட்டு, அதன் அடியில் மனிதர் நிற்கலாமா கூடாதா என்று சொல்லும் திறன் அவனுக்கு வாய்த்திருந்தது. அத்திறனுக்கு அலுவலகம் ஒரு காசும் தந்ததில்லை. பள்ளிக்கூட வாசலை மிதித்த சான்று இல்லாதவன் ஆகையால், அள்ளுகூலியின் கடைசிப் படிநிலையில், நேற்றுச் சேர்ந்த இளைஞர்களோடு வரிசையில் நின்று அவன் ஊதியம் வாங்கினான். அவன் அடக்கமானவன் என்று நினைத்துவிடாதீர், படிப்போரே. அந்த வரிசை அவனுக்கு எரிந்தது. எரிவதை அவன் மறைத்ததும் இல்லை.

அவனினும் மும்மடங்கு பெற்றவன் அனூர். தலைநகரில் சுரங்கக் கல்வி பயின்று பட்டயம் பெற்றுவந்தவன், இளையவன், எவரையும் பெயரோடு உறவுமுறை சேர்த்தே அழைப்பவன்; படித்தவன் என்பதால் ஊரார் அவனை உஸ்தாத் என்றனர். பாறை எவ்வாறு எடையைத் தாங்குகிறது, எங்கே தூண் விடவேண்டும், காற்று எவ்வழி வரவேண்டும் என்பதையெல்லாம் அவன் வகுத்துத் தந்தபின் சுரங்கத்தில் சாவு குறைந்தது என்பதை அவனைப் பிடிக்காதவரும் ஒப்புக்கொண்டனர். பட்டயம் உடையவரே மேற்பாறைக்குப் பொறுப்பேற்றுக் கையொப்பமிட வேண்டும் என்பது விதி. ஆகவே அங்கே ஒரு வழக்கம் ஏற்பட்டிருந்தது. காலைதோறும் லஸ்ஹர் தட்டிக் கேட்டுத் தலையசைப்பான். அனூர் நுழைவு உத்திரத்தில் சுண்ணக்கட்டியால் தன் பெயரை எழுதுவான். ஒருவன் காது செய்த வேலைக்கு மற்றவன் பெயர் விலை பெற்றது.

பட்டறிவுக்கும் ஊதியத்தில் ஒரு படி வேண்டும் என்று தொழிலாளர்கள் அலுவலகத்தில் முறையிட்டபோது, அவர்களுக்காக முதலில் எழுந்து பேசியவனும் அனூரே. மேலாளர் முராத் பொறுமையாகக் கேட்டுவிட்டு, பட்டறிவு இருப்பதற்குச் சான்றிதழ் எங்கே என்று வினவினாராம். அதைக் கேட்ட அன்றே லஸ்ஹர் தோழர்களைத் தன் வீட்டு முற்றத்தில் கூட்டினான். எந்தக் கூலியோ அந்த வேலை மட்டும் என்று அவனே சொன்னான். அள்ளுகூலி வாங்குபவன் அள்ளட்டும். கேட்பதற்குக் கூலி வாங்குபவன் கேட்கட்டும். ஒரே ரொட்டியைப் பிய்த்து, எண்ணெயும் மிளகாய் விழுதும் தோய்த்து, எல்லோரும் ஆளுக்கொரு துண்டு தின்றனர். ஒன்றாக ரொட்டி தின்று சொன்ன சொல்லை மீறுபவனுக்கு அவ்வூரில் பெண் கொடுப்பவரும் இல்லை, பிணம் தூக்குபவரும் இல்லை.

தொடக்கத்தில் சொன்ன அந்த வைகறையில், தேநீர் முடிந்ததும், அவர்கள் உள்ளே இறங்கினர். விளக்குகளின் மஞ்சள் ஒளியில் குடைவழி நீண்டு கிடந்தது. மரமுட்டுகள் இருமருங்கும் நின்று தலைமேல் மலையைத் தாங்கின. லஸ்ஹர் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றான். அவனுக்கு அருகில் பெல்காசெம், ரொட்டியின் முதல் துண்டைத் தின்றவன், கண்களை எடுக்காமல் அவனையே பார்த்திருந்தான். அனூர் கடப்பாரையை எடுத்துத் தானே மேற்பாறையைத் தட்டினான். கணீரென்று ஒலித்தது. நூல்கள் சொல்லும் நல்லொலி அதுவே. ஆயினும் அவன் உடனே சுண்ணக்கட்டியை எடுக்கவில்லை, திரும்பினான்.

"லஸ்ஹர் அண்ணே, எனக்கு இது சரியாத்தான் படுது. உங்களுக்கு எப்படிக் கேக்குது?"

"நான் அள்ளுற ஆளு, உஸ்தாத். அள்ளச் சொன்னீங்கன்னா அள்ளுறேன்."

பெல்காசெம் மூக்கால் சிரித்தான். அனூரின் முகம் சிவந்தது. ஆனால் அவன் சினக்கவில்லை. ஆள்களைச் சற்றுப் பின்னே நிற்கச் சொல்லிவிட்டு, மேலும் உள்ளே சென்று, ஒவ்வோர் அடியாகத் தட்டிக்கொண்டு போனான்.

அப்போதுதான் லஸ்ஹர் அதைக் கேட்டான். கணீரென்ற ஒலி அடங்கியபின், அதன் வாலைப் பிடித்துக்கொண்டு, மேலே எங்கோ ஈரக்களிமண் அடுக்குக்குள் மெல்லிய நறநறப்பு ஒன்று ஓடி நின்றது. கடைசி முட்டின் தலையிலிருந்து துகள் கோடாக வழிந்தது. ஊன்றியிருந்த மண்வெட்டி அவன் கையை விட்டுக் கீழே விழுந்தது. கத்துவதற்கு வாய் திறந்தது. பெல்காசெமின் கண்கள் அதை மூடின.

படிப்போரே, அந்தச் சிறுபொழுதில் அம்மனிதன் தனக்குத்தானே சொல்லிக்கொண்டவற்றை நாம் கேட்பது நல்லது. ஏனெனில் நாமும் அவற்றைச் சொல்லக்கூடியவர்களே. இதற்கு முன்னும் இப்படி நறநறத்துவிட்டு உச்சிப்பொழுது வரை நின்ற பாறைகள் உண்டு என்றான். இப்போது வாயைத் திறந்தால், கூலி இல்லாமலே இவன் கேட்டுச் சொல்வான் என்று அலுவலகம் கைதட்டிச் சிரிக்கும் என்றான். வீட்டில் உலை வைத்துக் காத்திருக்கும் அத்தனை பெண்களும் தன்னைத் தூற்றுவர் என்றான். இறுதியில் ஒரு நடுவழி கண்டான். அனூர் இன்னொரு முறை கேட்கட்டும். ஒரே ஒரு முறை திரும்பிக் கேட்டால் சொல்லிவிடலாம். அது கேள்விக்கு விடையாகுமே தவிர வேலையாகாது. கேள், கேள் என்று அவன் நெஞ்சு அடித்துக்கொண்டது.

அனூர் கேட்கவில்லை. ஒருமுறை மறுத்த மூத்தவனை மறுமுறை கெஞ்சவைத்து அவன் தோழர்முன் இக்கட்டில் நிறுத்துவது முறையன்று என்று அந்த இளைஞன் கருதினான். லஸ்ஹர் கேள்விக்காகக் காத்திருக்க, அனூர் அவன் மானத்தைக் காத்தான். இருவருக்கும் மேலே மலை எவருக்காகவும் காத்திருக்கவில்லை.

முட்டு வெடித்தது. "ஓடு, அனூரு, ஓடு!" என்று அலறியபடி லஸ்ஹர் பின்னே ஓடாமல் முன்னே பாய்ந்து, அவன் இடுப்பைப் பற்றி இழுத்தான். பாறை இறங்கியது. விளக்குகள் அவிந்தன. துகள் அடங்கி யாரோ ஒளி ஏற்றியபோது, இருவரும் உயிரோடு கிடந்தனர். அனூரின் வலக்கை மட்டும் முழங்கைக்குக் கீழே பாறைக்கு அடியில் இருந்தது.

பின்னர் விசாரணை நடந்தது. குழுவினர் ஒவ்வொருவரையும் அழைத்துக் கேட்டனர். பெல்காசெமும் மற்றவரும் லஸ்ஹர் கத்தினான், பாய்ந்தான், இழுத்தான் என்று கண்டதைச் சொன்னார்கள். காணாததை எவ்வாறு சொல்வர்? லஸ்ஹரோ கேட்டதற்கெல்லாம் தலையை மட்டும் அசைத்தான். மருத்துவமனைக் கட்டிலிலிருந்து அனூர் கூறிய வாக்குமூலமே எல்லாவற்றையும் முடித்துவைத்தது. பட்டயம் பெற்ற தன் காது கேளாததை லஸ்ஹரின் காது கேட்டது என்றும், கேட்ட கணமே அவன் எச்சரித்தான் என்றும், அந்தக் காதுக்கு அலுவலகம் இத்தனை ஆண்டும் கடன்பட்டிருக்கிறது என்றும் அவன் சொன்னான். முராத்தின் கையொப்பத்தோடு பட்டறிவுப்படி வழங்க ஆணை பிறந்தது. தோழர்கள் லஸ்ஹரைத் தோளில் தூக்கிக்கொண்டு கடைத்தெருவைச் சுற்றினர், பெண்கள் குலவையிட்டனர். தோள்மேல் இருந்தவன் இறக்கிவிடச் சொல்லி மன்றாடியதை அடக்கம் என்று எண்ணி, அவர்கள் இன்னும் உயரத் தூக்கினர்.

மறுநாள் அவன் பேரீச்சங்குலை ஒன்றை ஏந்திக்கொண்டு மருத்துவமனைக்குச் சென்றான். அனூர் எழுந்து அமர்ந்து இடக்கையை நீட்டினான்.

"இடக்கையைக் குடுக்கிறேன், தப்பா எடுத்துக்காதீங்க அண்ணே. இனிமே இதுதான்."

அந்நாட்டில் இடக்கையால் எவரும் உணவு தொடுவதில்லை, வணக்கம் சொல்வதில்லை, ஒன்றை வாங்குவதும் இல்லை. லஸ்ஹர் அக்கையைத் தன் இரு கைகளாலும் பற்றிக்கொண்டான்; விடவில்லை.

"நான் முன்னாடியே கேட்டுட்டேன்," என்றான். "நீ அந்தக் கடைசி முட்டுக்குப் போறதுக்கு முன்னாடியே."

"தெரியும்."

"எப்படி?"

"நீங்க மண்வெட்டியைக் கீழ போட்ட சத்தம் கேட்டுச்சு. பாறை அப்ப விழல. நீங்க ஏன் போட்டீங்கன்னு யோசிச்சேன்." சற்றே நகைத்தான். "திரும்பிக் கேட்டிருக்கலாம். உங்களுக்குச் சங்கடமா இருக்கும்னு விட்டுட்டேன்."

"அப்புறம் ஏன் அவங்ககிட்ட அப்படிச் சொன்ன?"

"அத்தனை வீட்டு அடுப்பு அதுல இருக்குண்ணே. நிசத்தைச் சொன்னா உங்களை உள்ள தள்ளுவாங்க, படியையும் நிறுத்துவாங்க. என் கை திரும்பி வருமா?" பின்பு அவன் முகம் சன்னல் பக்கம் திரும்பியது. "ஆனா அதை நான் மன்னிச்சுட்டேன்னு எடுத்துக்காதீங்க. அதுக்கு நாளாகும்."

லஸ்ஹர் அழுதான். அனூர் அவனைத் தேற்றவில்லை, தடுக்கவும் இல்லை.

உயர்ந்த ஊதியம் முதன்முதலாக வழங்கப்பட்ட நாளில், பாறை கேட்போர் என்று புதிதாகப் பெயர் சூட்டப்பட்ட தனி வரிசையின் தலையில் லஸ்ஹர் நிறுத்தப்பட்டான். எத்தனையோ ஆண்டுகளாக அவன் கனவில் கண்ட வரிசை அது. சாளரத்துக்கு அப்பால் இருந்த கணக்கர் புன்னகையோடு பணத்தை நீட்டினார். லஸ்ஹர் இடக்கையை நீட்டினான்.

"அண்ணே, வலக்கையைக் குடுங்க. காசு வாங்குற கையா இது?"

பின்னால் நின்ற பெல்காசெம் சிரிக்கத் தொடங்கி, லஸ்ஹரின் முகத்தைக் கண்டு நிறுத்திக்கொண்டான். நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது. கணக்கர் சற்றுத் தயங்கிப் பணத்தை அதில் வைத்தார்.

அதன்பின் லஸ்ஹர் சுரங்கத்தை விட்டு ஓய்வு பெறும் வரையில், எவரும் கேட்பதற்கு முன்பே மேற்பாறையின் நிலையை உரக்கச் சொன்னான். ஊதியத்தை ஒருபோதும் வலக்கையால் வாங்கவில்லை. கல்விக்கு இவ்வளவு, பட்டறிவுக்கு இவ்வளவு என்று வகுத்து எழுத அலுவலகங்கள் உள்ளன, அவை வகுக்கட்டும். அறிந்ததைச் சொல்லாமல் நின்ற அந்தச் சிறுபொழுதின் விலையை எந்த அலுவலகமும் வகுக்கவில்லை. அதை மாதந்தோறும் அவனே தன் இடக்கையில் வாங்கிக்கொண்டு வீடு திரும்பினான்.