திராட்சரசத்துக்குப் பதிலாகத் திராட்சரசம்

அந்தச் சபையின் தீர்மானப் புத்தகத்தைப் புரட்டினால் இந்த வரி இன்றைக்கும் கிடைக்கும்: 'இனிமேல் திருவிருந்தில் திராட்சரசத்துக்குப் பதிலாகத் திராட்சரசம் வழங்கப்படும்.' எழுதியவர் சபைச் செயலாளர். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். ஒற்று ஒன்று விட்டுப்போனாலே அன்றைக்குச் சாப்பாடு இறங்காத மனிதர். அவரே இப்படி எழுதினார் என்றால் வேண்டுமென்றேதான் எழுதினார்.

"ரெண்டுக்கும் வேதத்துல ஒரே பேர்தான் பாஸ்டர். புளிச்சாலும் திராட்சரசம், புளிக்காட்டாலும் திராட்சரசம். அப்புறம் எதுக்கு மாத்தணும்?" என்று அவர் கூட்டத்தில் மேசையைத் தட்டினார்.

"பேரை மாத்தலைங்க. பாட்டிலை மாத்துறோம்" என்றார் போதகர்.

புளித்ததைப் புளிக்காததாக மாற்றியது ஒரே ஒரு மனிதருக்காக. தெருமுனையில் ரொட்டிக்கடை வைத்திருப்பவர். திருவிருந்துக்கான ரொட்டி அவர் கடையில் இருந்துதான் வரும். ஆனால் பத்து மாதமாக, சின்னக் கிண்ணங்கள் அடுக்கிய தட்டு வரிசையில் வரும்போதெல்லாம் அதைத் தொடாமல் பக்கத்து ஆளிடம் தள்ளிவிடுவார். சபையில் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். தம்பியோடு சண்டை என்றார்கள், போதகர்மேல் கோபம் என்றார்கள். வெறும் வாயை மெல்லுகிறவர்களுக்கு அவல் கிடைத்தால் விடுவார்களா? கடைசியில் போதகரே கடைக்கு வந்து, மாவு படிந்த முக்காலியில் உட்கார்ந்து கேட்டுவிட்டார்.

"மத்தவங்களுக்கு அது ஒரு வாய் பாஸ்டர். எனக்கு அது முதல் வாய்" என்றார் ரொட்டிக்கடைக்காரர்.

போதகருக்குப் புரிந்தது. அவர் குடித்த காலத்தை ஊரே பார்த்திருக்கிறது. அடுப்பில் ரொட்டியை வைத்துவிட்டு எதிர்க்கடைக்குப் போவார். ரொட்டி கரியான பிறகு இவர் கனிந்து வருவார். பத்து மாதத்துக்கு முன்னால் ஒரு காலையில் கடை முழுக்கப் புகை சூழ்ந்தபோது மனைவி அவர் கையைப் பிடித்துக் கோயிலுக்கு இழுத்து வந்தாள். ஆயுசு முழுக்கக் குடிக்காமல் இருக்க வரம் கேள் என்றார் போதகர்.

"ஆயுசு முழுக்கன்னு கேட்டா எனக்கே சிரிப்பு வரும் பாஸ்டர். அவருக்கு வராதா? நான் ஒரு ஈடு கேக்குறேன்."

ஈடு என்றால் ஒரு தடவை அடுப்புக்குள் போய் வெளியே வரும் ரொட்டிகள். நாற்பது நிமிடம். தட்டை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தும்போது, "ஆண்டவரே, இந்த ஈடு வெந்து முடியறவரைக்கும் பாத்துக்குங்க" என்பார். வெந்ததும் நன்றி சொல்லிவிட்டு அடுத்த ஈடுக்கு அடுத்த விண்ணப்பம். ஆண்டவர் ஒரு தடவைகூட அலுத்துக்கொள்ளவில்லை. சாயங்காலம் அடுப்பு அணைந்த பிறகுதான் ஆபத்து. அதனால் முதல் மாதங்களில் விற்கிறதோ இல்லையோ, சாயங்காலமும் அடுப்பை மூட்டி பன் போட்டுத் தள்ளினார். மிஞ்சியதை எல்லாம் சும்மா கொடுத்தார். அந்தத் தெருப் பிள்ளைகள் கன்னம் உப்பியது அந்த ஜெபத்தால்தான்.

தீர்மானம் நிறைவேறியதும் அவர் மனைவி எழுந்து, பழரசத்தைத் தானே பிழிந்து தருவதாகச் சொல்லிவிட்டாள். பத்து மாதத்தில் அவள் பட்ட சந்தோஷத்துக்கு எதையாவது செய்யாவிட்டால் தலை வெடித்துவிடும் போல இருந்தது. வியாழக்கிழமை இரண்டு கூடை கறுப்புத் திராட்சையை நசுக்கி, பெரிய பானையில் ஊற்றி, துணியால் வேடுகட்டி, ஞாயிற்றுக்கிழமை காலையில் வடிகட்டி ஆறு பாட்டிலில் நிரப்பினாள். அவளுக்கு அந்த வாரம் பலத்த ஜலதோஷம். மூக்கு இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

அந்த ஞாயிறு இன்னொரு விதத்திலும் முக்கியமானது. அவளுடைய தம்பி, லாரி ஓட்டுகிறவன், முதல்முறையாகக் கோயிலுக்கு வந்திருந்தான். மாமனும் மச்சினனும் ஒரு காலத்தில் ஒரே பாட்டிலை ஆளுக்குப் பாதியாகப் பங்கு வைத்தவர்கள். ஆறு நாளுக்கு முன்னால் அவன் லாரியைக் கடை வாசலில் நிறுத்தி, சாவியை மேசைமேல் வைத்தான்.

"நீங்களே வச்சுக்குங்க மாமா. எனக்கு என்மேல நம்பிக்கை இல்ல. நீங்க விட்டதை நானும் விடணும்."

அன்றிலிருந்து பின்னறையில் மாவு மூட்டைகள்மேல் படுக்கிறான். கை நடுக்கம் நான்காவது நாள்தான் குறைந்தது. ஜெபம் பண்ணத் தெரியாது என்றான். ரொட்டி அடுக்கத் தெரியுமே, அது போதும் என்றார் மாமன்.

ஆக, தட்டு வந்தது. அந்தச் சபையில் எல்லோரும் கிண்ணத்தைக் கையில் எடுத்துக்கொண்டு காத்திருப்பார்கள். போதகர் ஜெபித்து முடித்ததும் ஒன்றாகக் குடிப்பார்கள். மச்சினன் ஒன்று எடுத்தான். ரொட்டிக்கடைக்காரர் பத்து மாதத்தில் முதல்முறையாக ஒன்று எடுத்தார். பெண்கள் பக்கத்திலிருந்து மனைவி எட்டிப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். போதகர் கண்ணை மூடி ஜெபத்தை ஆரம்பித்தார்.

அப்போதுதான் வாசனை வந்தது.

சேச்சே, என்று நினைத்தார் ரொட்டிக்கடைக்காரர். அவர் மூக்கின் யோக்கியதை அவருக்குத் தெரியும். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்றால், குடியை விட்டவன் மூக்குக்கு மணந்ததெல்லாம் சாராயம். சலூனில் பக்கத்து ஆள் முகத்தில் தடவிய வாசனைத் தண்ணீரை மோந்துவிட்டுப் பாதிச் சவரத்தோடு தெருவில் இறங்கி நடந்தவர் அவர். ஒரு கல்யாண விருந்தில் ஊறுகாய்க் காடியை முகர்ந்துவிட்டு, "யாரும் தொடாதீங்க" என்று எழுந்து நின்றதில் மாப்பிள்ளை வீட்டார் சாப்பாட்டில் விஷம் என்று நினைத்துவிட்டார்கள். அன்றைக்கு மனைவி கண்டிப்பாகச் சொன்னாள்: "இனிமே நாலு பேர் நடுவுல மூக்கைத் தூக்கினீங்க, நான் பொறந்த வீட்டுக்குப் போயிடுவேன்." பிறந்த வீடே இப்போது மாவு மூட்டைமேல் படுத்திருக்கிறது, அது வேறு விஷயம்.

அதனால் மூக்கை நம்பாமல் கண்ணால் பார்த்தார். கிண்ணத்தின் ஓரத்தில் பொடிப்பொடியாகக் குமிழிகள். ஒன்று மேலே வந்து உடைந்தது. இன்னொன்று வந்தது. இருபது வருடமாகத் தினமும் விடிகாலையில் அவர் பார்க்கிற குமிழிகள் அவை. மாவு பொங்குகிறதா என்று விரலால் விலக்கிப் பார்க்கும்போது உள்ளே தெரிகிறவை.

பானையை எங்கே வைத்தாள்?

அடுப்புக்கு மேலே ஒரு பலகை இருக்கிறது. பிசைந்த மாவைத் துணிபோட்டு மூடி அங்கேதான் வைப்பார்கள். அந்தச் சூட்டுக்கு எது வைத்தாலும் பொங்கும். துணிபோட்டு மூடிய எந்தப் பாத்திரத்தையும் அவள் கை இருபது வருடமாக அந்தப் பலகைக்குத்தான் தூக்கிப்போகும். வியாழன், வெள்ளி, சனி. மூன்று நாள். கடையில் எப்போதும் புளித்த மாவு வாசனைதான் என்பதால் அங்கே அவருக்கும் தெரியவில்லை.

பக்கத்தில் பார்த்தார். மச்சினன் இரண்டு கையாலும் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு, கண்ணை இறுக்கி மூடி, உதடுகளை அசைத்துக்கொண்டிருந்தான். ஆறே நாள். இந்த ஒரு மடக்கு உள்ளே போனால் சாயங்காலம் சாவியைக் கேட்பான்.

வாயைத் திறந்தால் என்ன ஆகும் என்றும் தெரிந்தது. மறுபடியும் கோமாளி. முதல்முறையாகக் கிண்ணத்தைத் தொட்ட அன்றைக்கே பழைய குடிகாரனுக்குப் புத்தி போயிற்று என்பார்கள். ஆசை ஆசையாய்ப் பிழிந்தவள் சபை நடுவே தலைகுனிவாள். ஒருவேளை குமிழி வேறு எதனாலோ வந்திருந்தால்?

போதகரின் ஜெபம் நீளமானது. அதற்காகச் சபையே முணுமுணுப்பதுண்டு. அன்றைக்கு மட்டும் ரொட்டிக்கடைக்காரர் அதை மனதார வாழ்த்தினார். 'ஆண்டவரே, இன்னிக்கு ஒரு ஈடெல்லாம் வேண்டாம். எந்திரிச்சு நிக்கிற நேரத்துக்கு மட்டும் கூட இருங்க' என்றார். எழுந்துவிட்டார்.

"பாஸ்டர், பொங்கிடுச்சு" என்றார்.

"ஆமென்" என்றது பாட்டுக்குழு.

"அல்லேலூயா" என்று பின்வரிசையில் ஒரு அம்மாள் கண்ணீர் விட்டார். பத்து மாதத்துக்குப் பிறகு கிண்ணம் எடுத்தவனுக்கு உள்ளம் பொங்காமல் என்ன செய்யும்? போதகர் கண்ணைத் திறந்து, "பொங்கட்டும் பிரதர். நல்லாப் பொங்கட்டும்" என்றார் அன்பாக.

"உள்ளம் இல்ல பாஸ்டர், ரசம். ரசம் பொங்கிடுச்சு. இது புளிச்சு மூணு நாள் ஆகுது. யாரும் குடிக்காதீங்க."

ஆளாளுக்குக் கிண்ணத்துக்குள் மூக்கை விட்டார்கள். மனைவியின் முகத்தைப் பார்க்க அவருக்குத் தைரியம் வரவில்லை. செயலாளர் எழுந்தார். "சும்மா ஒரு ஆள் மூக்கை நம்பி முடிவெடுக்க முடியாது. சோதிக்கணும்" என்று தன் கிண்ணத்தை வாயில் சாய்த்தார். யோசித்தார். "சரியாத் தெரியலை" என்று பக்கத்து ஆளின் கிண்ணத்தையும் வாங்கிச் சாய்த்தார். மூன்றாவதுக்குக் கை நீட்டியபோது அவர் மனைவி சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள்.

"சந்தேகமே இல்ல" என்றார் உட்கார்ந்தபடி. "பழைய திராட்சரசத்தைவிட நல்லாவே இருக்கு."

முதலில் சிரித்தது ரொட்டிக்கடைக்காரரின் மனைவிதான். ஜலதோஷத் தொண்டையில் அந்தச் சிரிப்பு இருமலாகவும் அழுகையாகவும் கலந்து வந்தது. "அந்தப் பலகை" என்றாள் நெற்றியில் அடித்துக்கொண்டு. "ஊர்ல எல்லாப் பொண்டாட்டியும் புருஷன் கையில இருந்து பாட்டிலைப் பிடுங்குவா. நான் ஆறு பாட்டில் ஊறப்போட்டுக் கோயிலுக்கே தூக்கிட்டு வந்திருக்கேன்." அதற்கப்புறம் யாரும் சிரிப்பை அடக்கவில்லை. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று ரொட்டிக்கடைக்காரருக்கு மூச்சு வந்தது.

தட்டுகள் திரும்பி வந்தன. கிண்ணங்கள் எல்லாம் சேர்ந்தும் ஒன்று மட்டும் குறைந்தது. மச்சினன் இன்னும் தன்னுடையதைப் பிடித்துக்கொண்டிருந்தான். ரொட்டிக்கடைக்காரர் அவன் முகத்தைப் பார்க்காமல் உள்ளங்கையை நீட்டினார். ஒரு பாட்டு பாடி முடிக்கிற நேரம் அந்தக் கை அப்படியே நீண்டிருந்தது. பிறகு கிண்ணம் அதில் வந்து உட்கார்ந்தது.

கிண்ணங்களைக் கழுவித் தண்ணீர் ஊற்றிக் கொண்டுவந்தார்கள். "தண்ணீர் ஆண்டவருக்குப் புதுசு இல்ல, கல்யாண வீட்டுல அதையே திராட்சரசமா மாத்தினவர். அதை வச்சு என்ன செய்யணும்னு அவருக்குத் தெரியும்" என்றார் போதகர். ரொட்டிக்கடைக்காரர் அந்த ஒரு மடக்குத் தண்ணீரைச் சொட்டு மிச்சமில்லாமல் குடித்தார். இவ்வளவு நிறைவாக எதையும் அவர் குடித்ததில்லை. குடித்தவர் சொன்னால் நம்பலாம்.

ஆராதனை முடிந்து, புளித்த ரசத்தை எல்லாம் ஒரு வாளியில் சேர்த்து மரத்தடியில் கொட்டப் போனார். மச்சினன் பின்னாலேயே வந்தான்.

"எனக்கு உங்களுக்கு முன்னாடியே தெரியும் மாமா. தட்டு ரெண்டு வரிசை தள்ளி வரும்போதே வாசனை வந்துடுச்சு."

"அப்புறம் ஏன்டா வாயைத் திறக்கலை?"

"ஜெபம் பண்ணிட்டு இருந்தேன்."

"உனக்குத்தான் பண்ணத் தெரியாதே மாப்ள."

"இன்னிக்குத் தானா வந்துச்சு." அவன் தரையைப் பார்த்தான். "ஆண்டவரே, இந்த மனுஷனுக்கு மட்டும் வாசனை தெரியக் கூடாதுன்னு."

ரொட்டிக்கடைக்காரர் வாளியைக் கீழே வைத்துவிட்டார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவனும் சிரித்தான், ஆனால் கண் நிறைந்திருந்தது.

"முதல் தடவையா ஒண்ணு கேட்டேன் மாமா. அதையும் கேக்கலையே அவர்."

"கேட்டாருடா. கேட்டதுனாலதான் என்னைக் கிளப்பி விட்டாரு."

அந்த வாரமே செயலாளர் தீர்மானப் புத்தகத்தைத் திறந்து, இரண்டாவது திராட்சரசத்துக்கு முன்னால் 'பொங்காத' என்று சின்ன எழுத்தில் செருகினார். இந்தத் தடவை கோபமில்லாமல்தான் எழுதினார். ரொட்டிக்கடையில் அந்தப் பலகைக்கு மேலே மனைவி ஓர் அட்டை எழுதித் தொங்கவிட்டாள்: 'மாவு மட்டும்.'

திங்கட்கிழமை காலை. ரொட்டிக்கடைக்காரர் அடுப்பைத் திறந்து முதல் தட்டைத் தூக்கும்போது, பின்னறையிலிருந்து மச்சினன் தலையெல்லாம் மாவாக வந்து நின்றான்.

"ஒரு ஈடு எவ்வளவு நேரம் மாமா?"

"நாப்பது நிமிஷம்."

அவன் கையைப் பிசைந்துகொண்டான். "அவ்வளவு நேரத்துக்கு என்னால வாக்குக் குடுக்க முடியாது. இருபது கேட்டா கோவிச்சுக்குவாரா?"

ரொட்டிக்கடைக்காரர் கையிலிருந்த ரொட்டித் தட்டை மேசைமேல் திரும்ப வைத்தார்.

"பன் இருபதுலயே வெந்துடும்" என்றார். "அந்தத் தட்டை எடு."