அடுப்படிச் சுவரில் பதினொரு பேர்

ஆடி மழையில் இலங்கை மலையகத்து மஸ்கெலியாவில் எதுவும் காயாது. துவைத்த துணி காயாது, குளித்த தலை காயாது, காகிதத்தில் பூசிய வண்ணம் சத்தியமாகக் காயாது. ஓவியம் படிக்கிற பெண்ணுக்கு இதைவிடப் பெரிய சோதனை வேறென்ன வேண்டும்? சுலக்ஷனா பத்திரமாகச் சுருட்டிக் கொண்டுவந்த விலையுயர்ந்த தாள்கள் மூன்றாம் நாளே அப்பளம் போல நெளிந்தன. ஐந்தாம் நாள் ஓரமெல்லாம் பூஞ்சணம் பிடித்துவிட்டது.

ஹட்டனில் புடவைக் கடை வைத்திருப்பவரின் ஒரே மகள் அவள். பிறந்ததிலிருந்து தேயிலை மலைகளைப் பார்த்திருக்கிறாள், எல்லாம் பஸ் ஜன்னல் வழியாகத்தான். தோட்டத்துச் சனம் வரிசையாய்க் குடியிருக்கும் லயத்தில் ஒரு வீட்டில் உட்கார்ந்து ஒரு வாய் தண்ணீர் குடித்தது கிடையாது. அப்படிப்பட்டவள் பட்டப்படிப்பின் கடைசி வருட வேலைக்குத் தலைப்பு எடுத்தாள் பாருங்கள், ‘மலை மக்களின் வாழ்க்கை’ என்று! முதல் தடவை பச்சை மலை, முதுகில் கூடை, வாய் நிறையச் சிரிப்பு என்று பன்னிரண்டு படம் வரைந்து கொண்டுபோய்க் காட்டினாள். அவளுடைய விரிவுரையாளர் சிவகரன் சேர் யாழ்ப்பாணத்துக்காரர், மனதில் பட்டதை மறைக்கத் தெரியாதவர். “இது தேயிலைப் பெட்டியில ஒட்டுற படம், பிள்ளை. உமக்கு இந்தச் சனத்தைத் தெரியுமோ?” என்று கேட்டுவிட்டார். ஆவணிக்குள் இன்னொரு தடவை காட்டலாம், அதுதான் கடைசி என்றும் சொல்லிவிட்டார்.

அப்பா வேறு ஒரு கணக்கு வைத்திருந்தார். இந்த வேலைக்கு எழுபதுக்கு மேல் புள்ளி வந்து அவள் கிளாஸ் என்கிற சிறப்புத் தேர்ச்சி எடுத்தால், பல்கலைக்கழகத்திலேயே உதவி விரிவுரையாளராகப் போகலாம். எடுக்காவிட்டால் கடைக்கு வந்து கல்லாவில் உட்கார வேண்டும், அதோடு சரி. வாழ்நாள் முழுக்க ரவிக்கைத் துணி கிழித்துக் கொடுப்பதை நினைத்தாலே சுலக்ஷனாவுக்கு ஹட்டனை விட்டே ஓடத் தோன்றியது.

அந்தக் கடைக்குத் தீபாவளிதோறும் சேலை எடுக்க வருகிறவள்தான் ராசம்மா. மஸ்கெலியாவுக்கு மேலே ஒரு தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறவள், நாற்பது வயது இருக்கும். “எங்க வீட்டுல வந்து இரு புள்ள. மகன் கொழும்புக்குப் போனதுல இருந்து அவன் எடம் சும்மாத்தான் கெடக்கு” என்று அழைத்துக்கொண்டு போனாள். ராசம்மாவின் புருஷன் அழகுமுத்துவுக்குத் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை. அவர் ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம்.

தாள் வீணாய்ப்போன அந்த ஐந்தாம் நாள் சாயங்காலம், மிச்சம் இருந்த ஒன்றையாவது காப்பாற்றுவோம் என்று அவள் அதை அடுப்புக்கு நேரே பிடித்துக்கொண்டு நின்றாள். கால் இடறியது. விழாமல் இருக்கச் சுவரில் கையை ஊன்றினாள். வருடக்கணக்கான புகை ஏறிக் கன்னங்கரேலென்று கிடந்த சுவர் அது. கையை எடுத்ததும் அந்த இடத்தில் பழைய சுண்ணாம்பு வெள்ளையாகத் தெரிந்தது. ஐந்து விரலும் அச்சாக இருந்தன.

அவள் ஒரு விரலால் மெல்லத் தேய்த்துப் பார்த்தாள். கோடு வெளிச்சமாக வந்தது. பக்கத்தில் ராசம்மா மலையிலிருந்து வந்த அலுப்பில், பாலில்லாத் தேநீரான சாயத்தண்ணிக் கோப்பையை மடியில் வைத்தபடி உட்கார்ந்தே தூங்கிப்போயிருந்தாள். ஈரத்துணியின் நுனியை விரலில் சுற்றிக்கொண்டு, சுலக்ஷனா அந்தக் கன்னத்தை, தொங்கிய தலையை, கோப்பையைத் தேய்த்துத் தேய்த்து எடுத்தாள். கண் விழித்த ராசம்மா சுவரைப் பார்த்து, “அட, நானா இது? தூங்குறப்ப நல்லாத்தான் இருக்கேன்” என்று சிரித்தாள்.

அன்றிலிருந்து ஆறு வாரம். அந்த ஆறு வாரத்தை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. சாயங்காலமானால் நீர்த்தேக்கத்துப் பக்கமிருந்து பனிமூட்டம் ஏறி வரும். யாரையும் கேட்காமல் பின்வாசல் வழியாக நுழைந்து, அம்மிக்கும் தண்ணீர்க் குடத்துக்கும் நடுவில் சொந்தக்காரர் மாதிரி உட்கார்ந்துகொள்ளும். மனிதர்களும் வருவார்கள். மழையில் எல்லோர் வீட்டு விறகும் நனைந்து கிடக்க, அழகுமுத்து மட்டும் செடிகளைக் கவ்வாத்து வெட்டிய மலையில் பொறுக்கிய மிலாறை அடுப்புக்கு மேலே இருந்த அட்டலில் காயவைத்திருந்தார். தேயிலைச் செடியின் அந்தக் காய்ந்த குச்சிகள் எரியும்போது ஒரு மணம் வரும் பாருங்கள், அதுவே பாதித் தூக்கம். வருகிறவர்கள் தோட்டத்துக் கதை நாலு பேசுவார்கள், சூடு முதுகில் ஏறும், பேச்சு பாதியில் நிற்கும், கண் சொருகிவிடும்.

சுலக்ஷனா அதற்காகவே காத்திருப்பாள். பக்கத்து வீட்டு ஜீவராணி, வாய் ஓயாதவள், தூங்கும்போதும் விரல்கள் மடியில் கொழுந்து கிள்ளிக்கொண்டே இருந்தன. அந்த விரல்களை வரைய இரண்டு நாள் பிடித்தது. விழித்ததும் ஒவ்வொருவரிடமும் என்ன கனவு என்று கேட்பாள். ராசம்மாவின் கனவில் ஹட்டன் பஸ் ரோட்டை விட்டு இறங்கித் தண்ணீர் மேலேயே போனதாம், கொண்டக்டர் ஒன்றும் நடக்காதது மாதிரி டிக்கட் கேட்டானாம். ஜீவராணிக்கு மலை முழுக்க வெள்ளைச் செடியாம். எத்தனை பறித்தாலும் கூடை கனக்கவில்லையாம். அழகுமுத்து மட்டும், “ஒண்ணுமில்ல, தூக்கந்தான்” என்றார்.

எது அவர்களுடைய கனவு, எது தன் கண்ணால் பார்த்தது என்பதே அவளுக்குக் கலங்கிப்போனது. கிழமை மறந்தது. போனில் சார்ஜ் இல்லாததுகூட ஒரு பொருட்டாக இல்லை. சுவரில் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து, பதினொரு பேர் கரிக்குள்ளிருந்து மெல்லிய வெளிச்சமாய் மிதந்தார்கள். இவ்வளவு அழகான ஒன்றைத் தன் கையால் செய்ததே இல்லை என்று அவளுக்குத் தெரிந்தது. பெருமை தாங்கவில்லை அவளுக்கு.

போட்டோ அனுப்பியதும் சிவகரன் சேர், “நேர வந்து பாக்கிறன், சனிக்கிழமை” என்று பதில் போட்டார். அவள் துள்ளிக்கொண்டு ஓடிப்போய், “அக்கா, எங்க சேர் வர்றாரு! சொவத்தப் பாத்துத்தான் மார்க் போடுவாரு!” என்று லயம் முழுக்கச் சொன்னாள். வெள்ளிக்கிழமை ஹட்டன் போய் வீட்டில் தங்கி, மறுநாள் காலை அவரைக் கூட்டிக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்கினாள்.

வாசல் கூட்டித் தெளித்திருந்தது. இரவல் கதிரை இரண்டு போட்டிருந்தது. ராசம்மா தீபாவளிச் சேலையில் நின்றாள், பின்னால் லயத்துச் சனம் முழுக்க. சேர் குனிந்து அடுப்படிக்குள் போய் போன் வெளிச்சத்தைச் சுவரில் பிடித்தார்.

பதினொரு பேரும் கண்ணைத் திறந்திருந்தார்கள்.

யாரோ விரலால் அழுத்தித் தேய்த்துத் திறந்த கண்கள். ஒன்று மீன் மாதிரி, ஒன்று வட்டமாய், ஒன்று பெரிசு ஒன்று சிறிசாய். ஜீவராணியின் கண்ணுக்கு விளக்குமாற்றுக் குச்சி மாதிரி இமைமயிர் வேறு. சுலக்ஷனா ஆறு வாரமாய் மூச்சைப் பிடித்துக்கொண்டு இழைத்த அந்த மெல்லிய தூக்கம் போயே போய்விட்டது. எல்லோரும் வாசலில் வருகிறவரை முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவள் ராசம்மாவின் கையைப் பிடித்துப் பின்கட்டுக்கு இழுத்துக்கொண்டு போனாள். “என்னக்கா பண்ணி வச்சிருக்கீங்க? என் தலையில மண்ண அள்ளிப் போட்டுட்டீங்களே!”

ராசம்மா திகைத்துப்போனாள். “ஏன் புள்ள? கோயில்ல சாமிக்குக் கண்ணு தொறக்காம வெளிய காட்டுவாங்களா? நீ எல்லாம் முடிச்சிட்டு கண்ண மட்டும் விட்டுட்ட. பாவம், நேரமில்ல போலன்னு நேத்து ஆளாளுக்கு வந்து அவங்கவங்க கண்ணத் தொறந்துட்டுப் போனாங்க.”

பின்னாலேயே வந்த ஜீவராணிக்கு இந்த மழுப்பல் எல்லாம் ஒத்துவராது. “அதுமட்டுமில்ல, நான் சொல்றேன் கேட்டுக்க. பெரிய மனுசரு வந்து பாக்குறப்ப நாங்க வாயப் பொளந்துகிட்டுத் தூங்குறதா? மலையில ரெண்டு நிமிசம் கண்ணசந்தா கங்காணி அரைப் பேருதான் போடுவான், முழு நாள் ஒழைச்சும் பாதி நாள் கூலி. இங்க வந்து பாக்குறவரு எங்களப் பத்தி என்னா எழுதிக்கிட்டுப் போவாரு? தூங்குமூஞ்சிச் சனம்னுதானே? வரையறதுக்கு முன்னால நீ ஒரு வார்த்த கேட்டியா?”

கேட்கவில்லை. ஆறு வாரத்தில், பதினொரு பேரில் ஒருவரிடமும் கேட்கவில்லை. கனவைக் கூடக் கேட்டாள், இதைக் கேட்கவில்லை. சுலக்ஷனாவுக்குக் கோபம் இருந்த இடத்தில் வெட்கம் வந்து உட்கார்ந்தது.

உள்ளே வந்தபோது சேர் பலகையில் உட்கார்ந்து சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். கொண்டுவந்து வைத்த சாயத்தண்ணி ஆறிப்போயிருந்தது.

“பிள்ளை, நீர் போனில அனுப்பினது வடிவாத்தான் இருந்தது. வடிவு, அவ்வளவுதான். ஐம்பது போடலாம் எண்டுதான் வந்தனான்” என்றார். “இப்ப இவையள் என்னைப் பாக்கினம். எனக்கு எங்க பாக்கிறதெண்டு தெரியேல்ல. இப்பிடிக் கண் திறக்க உமக்கு எப்பிடித் தோணிச்சுது? எண்பது போடுறன்.”

பையிலிருந்து படிவத்தை எடுத்து நீட்டினார். ‘இது முழுக்க என் சொந்த வேலை’ என்று அச்சடித்திருந்தது. கீழே கையெழுத்துக்கு ஒரு கோடு.

அடுப்படி வாசலை அடைத்துக்கொண்டு சனம் நின்றது. சேர் அவளைத்தான் பாராட்டுகிறார் என்பது எல்லோருக்கும் புரிந்துவிட்டது. ராசம்மா, போடு, போடு என்று தலையால் சாடை காட்டிவிட்டு அடுப்பைக் கிளறுகிற மாதிரி திரும்பிக்கொண்டாள். அவ்வளவு பேசிய ஜீவராணிகூட, தனக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லாத மாதிரி தகரக் கூரையைப் பார்த்தாள். காட்டிக்கொடுக்க அங்கே ஒருவரும் இல்லை. எண்பது என்றால் கிளாஸ், கிளாஸ் என்றால் கல்லாப்பெட்டி இல்லை.

பொய் சொல்ல மாட்டேன், பேனா தாளைத் தொட்டுவிட்டது. ‘சு’ என்று எழுதியும் விட்டாள். நிமிர்ந்தபோது உயிரோடு இருந்த ராசம்மா அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள், சுவரில் இருந்த ராசம்மா சுலக்ஷனாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“கண்ணு நான் போடல சேர்” என்றாள் சுலக்ஷனா. “தூங்குற மாதிரிதான் வரைஞ்சேன். கேக்காமலே வரைஞ்சேன். அவங்கவங்க கண்ண அவங்கவங்களேதான் தொறந்துக்கிட்டாங்க.”

சேர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார். “அப்ப அரைவாசிதான் உம்மட வேலை. விதி அப்பிடி, நான் என்ன செய்யிறது? நாற்பதுதான் போடலாம். பாஸ் ஆவீர். கிளாஸ் வராது.”

“என்னாங்க சேர்?” ராசம்மா எழுந்துவிட்டாள். “அரைப் பேரா? ஆறு வாரமா இந்தப் பொகையில கண்ணு எரிய எரிய ஒக்காந்து வேல செஞ்ச புள்ளைக்கு அரைப் பேரா? மலையிலதான் அப்பிடின்னா படிச்சவங்க நீங்களும் அப்பிடியா?”

ராசம்மா பதிலுக்குக் காத்திருக்கவில்லை. அடுப்பிலிருந்து சோற்றுப் பானையை இறக்கி, அதன் அடிக்கரியைக் கட்டைவிரலில் வழித்தாள்.

“நாங்க தொறந்ததுனாலதானே கொறைக்கிறீங்க? நாங்களே மூடிர்றோம். தூங்குமூஞ்சின்னு எழுதிக்கிட்டுப் போங்க, ஒண்ணும் கொறஞ்சு போயிற மாட்டோம். புள்ளைக்கு முழுசாப் போடுங்க. ஏய் ஜீவராணி, வாங்கடி!”

ஜீவராணிதான் முதலில் வந்தாள். எண்ணி ஒரு நாள் திறந்திருந்த தன் கண்ணுக்கு நேரே, கரி அப்பிய விரலை ஓங்கிக்கொண்டு வந்தாள். அவளுக்குப் பின்னால் மற்றவர்கள். எப்போதும் பேசாத அழகுமுத்துவும் பானையில் விரலைத் தேய்த்துக்கொண்டு வரிசையில் நின்றார்.

சுலக்ஷனா பாய்ந்து சுவருக்கும் அவர்களுக்கும் நடுவில் போய் நின்றாள். இரண்டு கையையும் விரித்துக்கொண்டு வாய்விட்டு அழுதாள். “தொடாதீங்க! அக்கா, தொடாதீங்க! முழிச்சிக்கிட்டே இருங்க!”

“அப்ப ஒனக்கு?” என்றாள் ராசம்மா. ஓங்கிய கை அப்படியே நின்றது.

கடையும் கல்லாவும் அப்போது அவளுக்கு ஞாபகம் வரவில்லை என்று சொன்னால் யாரும் நம்பாதீர்கள். வந்தது, நன்றாகவே வந்தது.

“எனக்கு நாப்பது போதும்க்கா.”

சிவகரன் சேர் படிவத்தை வாங்கி, ‘முழுக்க’ என்ற சொல்லை ஒரு கோடு போட்டு வெட்டிவிட்டு, மறுபடி அவளிடமே நீட்டினார். சுலக்ஷனா முகத்தைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு, மிச்ச எழுத்துகளையும் எழுதி முடித்தாள்.