மந்தை கலையக் கூடாது

"பாடு அண்ணி! ஆள் வந்தாச்சு!"

உல்பாலாவின் முழங்கை கலீச்சாவின் விலாவில் இடித்தது. கம்பளிக் கூடாரத்துக்கு வெளியே, இடுப்பைத் துணியால் இறுக்கி, கோலூன்றி வரிசையாக நின்ற ஆண்கள் ஓவென்று கதறத் தொடங்கியிருந்தார்கள். அவர்கள் கதறினால் உள்ளே இருக்கும் விதவை ஒப்பாரியால் பதில் சொல்ல வேண்டும். அதுதான் முறை. வாசலுக்கு முதுகைக் காட்டி, சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்த கலீச்சா வாயைத் திறந்தாள். வெறும் காற்றுதான் வந்தது.

"போன வாரம் என்கூட சண்டை போட்ட தொண்டை இன்னிக்கு எங்க போச்சு?" என்று காதோரம் சீறினாள் நாத்தனார். "என் அண்ணனுக்கு நாலு வரி இல்லையா உன்கிட்ட?"

இல்லை. காலையிலிருந்து தேடிக்கொண்டிருக்கிறாள். திரைக்குப் பின்னால் வெள்ளைத் துணிக்குள் கிடந்த கணவர் தொக்தொசுனைப் பற்றி எதை எடுத்தாலும் மான் வந்து நின்றது. வேட்டைக்காரர்கள் கொம்புக்காகச் சுட்டுத் தீர்த்த மரால் மான்களை இந்த வறண்ட மலை முழுக்க மறுபடி பெருகவைத்த காவலர் என்று ஊரே சொல்கிறது. மானைப் பாடலாம்தான். பாடினால் பாதிப் பெருமை இன்னொருத்திக்கல்லவா போகும்?

அந்த இன்னொருத்தி உள்ளே நுழைந்தாள். ஜிபார். வருடக்கணக்காக அவரோடு மலையில் மந்தைக்குக் காவல் கிடந்தவள். வாசலிலேயே குரலெடுத்தாள்.

"குட்டி போட்ட தாய் மானுக்குக் குளிருல காவல் நின்னீங்களே,
துப்பாக்கி வந்த வழியெல்லாம் தோள் குடுத்து மறிச்சீங்களே..."

பெண்கள் மூக்கை உறிஞ்சினார்கள். "கூடவே இருந்தவளுக்குத்தானே வலி தெரியும்" என்றாள் யாரோ.

கலீச்சா சுவரையே முறைத்தாள். அவர் கடைசி மூச்சை விட்டதுகூட இவள் பக்கத்தில்தான்.

ஜிபார் வந்து அருகில் உட்கார்ந்தாள்.

"கடைசியா என்ன சொன்னார்?" கலீச்சா சுவரைப் பார்த்தபடியே கேட்டாள்.

"எதுவும் சொல்லல அக்கா." ஜிபார் உள்ளங்கையைக் கவிழ்த்து மெல்லக் கீழே இறக்கினாள். "இப்படிக் காட்டினார். மந்தை பக்கத்துல வருது, அசையாம படுன்னு அர்த்தம். படுத்துட்டேன். மந்தை தாண்டிப் போனப்புறம்தான் திரும்பிப் பார்த்தேன்." இறக்கிய கையை மடிக்கு இழுத்துக்கொண்டாள். "அவர் எனக்குச் சாடை காட்டல அக்கா. நெஞ்சு அடைச்சு விழுந்துக்கிட்டிருந்தார்."

கலீச்சா சுவர்க் கம்பளியை நகத்தால் சுரண்டினாள்.

"வாயத் திறந்து கூப்பிட்டிருக்கலாமே மனுஷன்?"

"மலையில அவர் என்னிக்கு வாயத் திறந்தார்? சத்தம் கேட்டா மந்தை கலைஞ்சிடும். எல்லாம் கைச்சாடைதான். அவர் குரல் எப்படி இருக்கும்னு யோசிச்சுப் பார்க்கறேன், சரியா ஞாபகத்துக்கு வரல."

கலீச்சா முதல் தடவையாகத் திரும்பி அவளைப் பார்த்தாள். யாரைச் சொல்கிறாள் இவள்? பூட்ஸைக் கழற்றும்போதே ஆரம்பிப்பாரே அந்த மனுஷன்! எந்தப் பாறைக்குப் பின்னால் குட்டி பிறந்தது, எந்தக் கிழட்டு ஆண் மான் சண்டையில் கொம்பை முறித்துக்கொண்டது... 'தூங்க விடுங்களேன்' என்று போர்வையை இழுத்து மூடிக்கொள்வாள். அப்போதும் நிறுத்த மாட்டார்.

"வீட்டுல பேசுவாரா?" என்றாள் ஜிபார்.

"வாய் ஓயாது."

ஜிபாரின் முகத்தில் என்னவோ சுருங்கியது. அது என்னவென்று கலீச்சாவுக்கு நன்றாகவே தெரிந்தது; காலையிலிருந்து அவளை எரித்ததும் அதுதான்.

"என்னைப் பத்தி... ஏதாவது?"

'அந்தப் பொண்ணோட கண்ணு மட்டும் இல்லேன்னா பாதி மந்தை இன்னிக்கு இல்ல, கலீச்சா.' எத்தனை தடவை சொல்லியிருப்பார்!

"ஒண்ணும் சொன்னதில்ல."

வெளியே மறுபடி கதறல். அடுத்த பள்ளத்தாக்கிலிருந்து சனம் வந்து இறங்கியது. உல்பாலா திரும்புவதற்குள் கலீச்சாவின் குரல் எழுந்துவிட்டது.

"பாறை மறைவுல பிறந்ததெல்லாம் படுக்கையில சொன்னீங்களே,
பாதித் தூக்கத்துல கேட்டவள இப்பப் பாட வச்சீங்களே..."

பிறகு தடையே இல்லை. பனிச்சரிவில் சிக்கிய குட்டி, ஓநாயை உதைத்து விரட்டிய தாய், முதன்முதலாக ஆறு தாண்டி வந்த மந்தை என்று அவர் சொன்னதெல்லாம் அவர் சொன்ன வரிசையிலேயே வந்தது. கூடாரம் அடங்கிப்போயிற்று. ஜிபார் அழுகையை நிறுத்திவிட்டாள். ஒவ்வொரு அடி முடிந்ததும் அடுத்ததற்காக முகத்தை நிமிர்த்தினாள்.

கலீச்சா மூச்சு வாங்கினாள். நாக்கு நுனியில் 'அந்தப் பொண்ணோட கண்ணு' என்ற வரி வந்து நின்றது. அதை விழுங்கிவிட்டு அடுத்ததற்குப் போனாள்.

ஜிபார் இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்கார்ந்தாள்.