இடது பக்கம் கொஞ்சம் தாராளம்

ஊரில் பாதி ஆண்களின் தொடையிடுக்கில் அளவு நாடா பிடித்தவர் அந்தத் தையல்காரர். தன் இடுக்கிலேயே நெல்லிக்காய் அளவில் ஒரு புடைப்பு வந்தபோது மட்டும் யாரிடமும் மூச்சு விடவில்லை. நின்றால் வெளியே வந்தது, இருமினால் எட்டிப் பார்த்தது, படுத்தால் சமத்தாக உள்ளே போனது. டாக்டரிடம் காட்டுவதா? மானம் கப்பலேறிவிடாதா? மனுஷன் தனக்குத் தெரிந்த வைத்தியத்தைச் செய்தார். பேன்ட்டைப் பிரித்து, இடது பக்கம் கொஞ்சம் துணி விட்டுத் தைத்தார்.

நெல்லிக்காய் எலுமிச்சை ஆனது. மறுபடி பிரித்தார், மறைப்பதற்கு மடிப்பு வைத்தார். அது என்னவோ பார்க்க லட்சணமாகவே அமைந்துவிட்டது. பேங்க் மேனேஜர் கண் அதில் விழுந்தது.

"புது மாடலா? எனக்கும் ஒண்ணு தைச்சிருங்க."

அப்புறம் மச்சான் வந்தார். மனைவியின் அண்ணன், குடோனில் மூட்டை தூக்குகிறவர். கடையில் ஆள் இல்லாத நேரம் பார்த்து வந்து காதோடு சொன்னார்.

"மாப்ள, எனக்கு வலது பக்கம் வைங்க. தாராளமா வைங்க."

தையல்காரர் ஏன் என்று கேட்கவில்லை. தன் மாடல் பரவுகிறது என்று பூரித்துப்போனார். இந்த மனுஷனை என்னவென்று சொல்வது!

ஒரு மத்தியானம் புடைப்பு உள்ளே போக மறுத்தது. படுத்துப் பார்த்தார், கெஞ்சியும் பார்த்தார். கல்லாக இறுகிச் சிவந்து, உயிர் போகிற வலி. பிறகு வாந்தி. அப்போதும் தவழ்ந்துபோய்க் கத்திரிக்கோலைத்தான் எடுத்தார், பேன்ட்டை இன்னும் கொஞ்சம் பிரிக்க. மனைவி அதைப் பிடுங்கி எறிந்துவிட்டு வண்டி பிடித்தாள்.

"குடல் இறங்கி மாட்டிக்கிச்சு. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா அழுகியிருக்கும்" என்றார் டாக்டரம்மா. "படுத்தா உள்ள போயிட்டிருந்தப்பவே வந்திருக்கணும்."

ஆபரேஷன் முடிந்து அவர் கண் திறந்ததும் மனைவி அழுதாள்.

"பேன்ட்டுக்குத் தெரிஞ்சது எனக்குத் தெரியல பாருங்க."

அவருக்கு வெட்கமாக இருந்தது. சட்டென்று முகம் வெளிறியது.

"உங்க அண்ணனுக்கு ஃபோன் போடு. மூட்டைய அங்கயே போட்டுட்டு இங்க வரச் சொல்லு."

வெகுநேரம் கழித்துத்தான் மச்சான் எடுத்தார். குரல் ஈனமாக இருந்தது.

"அப்புறம் பேசறேம்மா. படுத்திருக்கேன். இன்னைக்கு என்னமோ உள்ள போகவே மாட்டேங்குது."

ஃபோனைக் காதில் வைத்தபடியே அவள் டாக்டரம்மாவைத் தேடி ஓடினாள்.