கேட்டில் விட்ட பூட்ஸ்

கால் கட்டு மூன்றாம் தடவையும் நழுவியது. குளிப்பாட்டி, கோடி போர்த்திக் கிடத்தியிருந்த கருத்தப்பாண்டியின் வலது பெருவிரல், அடுத்த விரல் மேல் ஏறி வளைந்து கிடந்தது. இடது பெருவிரலோடு சேரவே மாட்டேன் என்றது.

“சித்தப்பா, அப்பா இப்பவும் அடம்புடிக்காக பாருங்க,” என்றாள் மகள் பானுப்பிரியா, கையில் வெள்ளைத் துணியோடு. அழுகைக்கு நடுவே சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு.

தம்பி செல்லச்சாமிக்குச் சிரிப்பு வரவில்லை. தலைமாட்டில் அண்ணன் மனைவி குருவம்மாள் ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தாள்.

“ஊரெல்லாம் கோல் போட்ட ராசாவே, பூட்ஸ மறந்து பொழப்பக் கெடுத்தீகளே!”

ஐம்பது வருடமாக அந்த வீட்டில் இதே பாட்டுத்தான். அண்ணன் தம்பி இருவரின் அப்பா மொக்கைச்சாமி தொடங்கி எல்லோரும் பந்து உதைத்த குடும்பம். அண்ணனை ஒரு பட்டாசுக் கம்பெனி, பந்து விளையாடுவதற்கென்றே சம்பளம் கொடுத்து வைத்திருந்தது. தம்பி அதே அணிக்குப் புதுக் கோல்கீப்பர். விருதுநகர் இறுதிப் போட்டியில் அண்ணன் வெறுங்காலோடு இறங்கினார். எவனோ மிதித்ததில் விரல் நொறுங்கியது. அத்தோடு ஆட்டம் போய், தீப்பெட்டி ஒட்டும் கூலி வேலைக்குப் போனார். அன்றிலிருந்து வீட்டில் யார் எதை மறந்தாலும் ‘பூட்ஸ் பாண்டி’ என்று கேலிதான். செல்லச்சாமியும் கூடச் சேர்ந்து சிரித்திருக்கிறார், வெட்கங்கெட்ட மனுஷன்!

வாசலில் பாடை கட்டியாயிற்று. இப்போது சொல்லாவிட்டால் அண்ணன் அந்தப் பேரோடுதான் போவார்.

“மதினி, பூட்ஸ மறந்தது அண்ணன் இல்ல. நாந்தான்.”

ஒப்பாரி நின்றது.

“ஆணி அடிச்ச பூட்ஸோட உள்ள போனா பொறி பறக்கும்னு நாரணாபுரம் பட்டாசுக் கம்பெனி கேட்டுல கழட்டி வச்சேன். வேலை முடிஞ்சு அப்பிடியே வேன்ல ஏறிட்டேன். மைதானத்துல போயித்தான் பையத் தொறந்து பாத்தேன். பூட்ஸ் இல்லாதவனுக்கு வேலையும் இல்லன்னு மேனேஜரு முன்னமே சொல்லியிருந்தாரு. அண்ணன் கால்ல கெடந்ததக் கழட்டி எனக்குக் குடுத்துட்டு, ‘மறந்தது நான்னு சொல்லிக்கிறேன்லே, என்னையத் தொரத்த மாட்டாக’ன்னுச்சு.”

திட்டுவாள் என்று தலையைக் குனிந்து நின்றார். திட்டினால் தேவலை என்றிருந்தது.

குருவம்மாள் புருஷனின் முகத்தைத் தடவினாள். “நான் வையிறப்பவெல்லாம் சிரிச்சுக்கிட்டுல்ல கெடந்துச்சு இந்த மனுசன்.” பிறகு மகளிடமிருந்து துணியை வாங்கி நீட்டினாள். “நீங்களே கட்டுங்க தம்பி.”

செல்லச்சாமி கால்மாட்டில் உட்கார்ந்தார். வளைந்த விரலை அவர் இழுக்கவில்லை. இடது காலை மெல்ல நகர்த்தி, அதன் பக்கத்தில் கொண்டுபோய்ச் சேர்த்துச் சுற்றினார். முடிச்சு நின்றது.