விரலையும் சேர்த்துக் கட்டிய ஒட்டு

ஒட்டுக்காரரின் இடது கட்டைவிரலில் இலை துளிர்த்தது, காலையில் பல் துலக்கிக்கொண்டிருந்தபோது. கிள்ளினால் வலித்தது, ஆகவே அது அவருடையதுதான் என்று முடிவாயிற்று. நாற்றுப் பண்ணையில் எலுமிச்சைக் குச்சியை இன்னொரு செடியில் செருகி ஒட்டுக் கட்டுவது அவர் தொழில். சில வாரங்களுக்கு முன் ஒருநாள் பேச்சு சுவாரசியத்தில், கத்தி விரலைக் கிழித்ததைக் கவனிக்காமல், செடியின் வெட்டையும் விரலின் வெட்டையும் ஒரே நாடாவில் இறுக்கிக் கட்டிவிட்டு, நகர முடியாமல் அங்கேயே கண்ணயர்ந்துவிட்டார். யாரோ வந்து அவிழ்ப்பதற்குள் இரு தரப்பும் கொடுக்கல் வாங்கலை முடித்திருந்தன. இலை இவருக்கு வந்தது. செடி காய்த்தபோது ஒவ்வொரு பழத்திலும் இவர் கன்னத்து மச்சம் இருந்தது. வாங்க வந்தவர்கள் அதை நகத்தால் சுரண்டிப் பார்த்து, அழுகல் இல்லை என்று தெரிந்ததும் பையில் போட்டுக்கொண்டார்கள். வெயிலில் நின்றால் ஒட்டுக்காரருக்குப் பசி அடங்கியது. “நல்லதாப் போச்சு. ஞாயித்துக்கிழமை மாடியில போய் நின்னுக்குங்க, எனக்கும் அடுப்படியிலேருந்து லீவு,” என்றாள் மனைவி. ஊருக்கும் பேச அதைவிடப் பெரிய விஷயங்கள் இருந்தன.

விடாமல் பேசியவர் மாமனார் ஒருவர்தான். அவர் நீதிமன்றத்தில் எழுத்தராக இருந்து ஓய்வுபெற்றவர். அதற்குப் பிறகுதான் தீர்ப்புச் சொல்லத் தொடங்கினார். தங்கள் வம்ச ரத்தத்தில் வெளிச்சொட்டு ஒன்றுகூட விழுந்ததில்லை என்று, மணி கேட்டவர்களிடமும் சொல்லுவார். மகளுக்கு முன்பு இரண்டு முறை கரு தங்கவில்லை. மூன்றாவது முறை படுக்கையிலேயே இருக்க வேண்டும் என்று டாக்டரம்மா சொன்னதும், ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் இருக்கும் தன் வீட்டுக்கு அவளைக் கூட்டிப்போனார். போகும்போது மருமகனிடம் சொன்னார்: “குழந்தை சுத்தமாப் பொறந்தா அனுப்பிவைக்கிறேன். இலை கிலைன்னு ஏதாவது வந்தா, ரெண்டு பேரும் எங்க வீட்டுலயே இருக்கட்டும். எங்க வம்சத்துல தழையெல்லாம் பழக்கமில்ல.”

அந்த மாதங்களில் ஒட்டுக்காரர் கட்டிய ஒட்டு ஒன்றுகூடப் பிடிக்கவில்லை. ஒவ்வொரு பரிசோதனைக்கும் ஆஸ்பத்திரி வராந்தாவில் வந்து நின்று ஒரே கேள்வியைத்தான் கேட்டார்: “தங்குமா டாக்டர்?”

“ரத்தத்தைச் சோதிச்சுக் கலப்பு இருக்கான்னு சொல்லுங்க,” என்றார் மாமனார், பக்கத்திலிருந்து.

“சோதிக்கவே வேணாம், இருக்கு,” என்றாள் டாக்டரம்மா. “உங்களுக்கும் இருக்கு, எனக்கும் இருக்கு. என்னைக்கோ ஒரு வைரஸ் நம்ம மூதாதைங்க உடம்புல புகுந்து, தன் ஜீனை விட்டுட்டுப் போச்சு. அதை வச்சுத்தான் நஞ்சுக்கொடி ஒழுங்கா அமையுது, கரு தங்குது. அந்தக் கலப்பு மட்டும் இல்லன்னா நீங்க முட்டையிலேருந்துதான் வந்திருக்கணும், ஐயா.”

மாமனார் இரண்டு நாள் யாருக்கும் தீர்ப்புச் சொல்லவில்லை. மூன்றாம் நாள் காபியை ஆற்றியபடி மகளிடம் சொன்னார்: “யோசிச்சுப் பார்த்தேன். நமக்குள்ள வந்தது நல்ல குடும்பத்து வைரஸாத்தான் இருக்கும்.”

“ஆமாப்பா. பொண்ணு பார்க்க வந்திருக்கும்,” என்றாள் அவள், படுத்தபடியே.

கரு தங்கியது. பெண் குழந்தை, வீறிட்டு அழுதுகொண்டு, நிறைமாதத்தில் பிறந்தது. காது மடல்கள் இளம்பச்சை. செய்தி கேட்டதும் ஒட்டுக்காரர் வராந்தாவிலேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். அத்தனை மாதமும் அடக்கிவைத்த மூச்சு வெளியே வந்ததில் எதிரே தொங்கிய திரை ஆடியது. மாமனார் பேத்தியின் காதுகளை வெகுநேரம் பார்த்தார். தொண்டையைக் கனைத்துக்கொண்டார். எல்லோரும் தீர்ப்புக்குக் காத்திருந்தார்கள்.

“வண்டியை எடுங்கப்பா, எங்க வீட்டுக்குப் போகணும்,” என்றாள் மகள்.

அவர் வண்டியை எடுத்தார். பின்சீட்டில் ஒட்டுக்காரர் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, அதன் கனத்தை நம்ப முடியாமல் அசையாதிருந்தார். இரண்டு சிக்னல்களுக்கு நடுவே, குழந்தையின் காதோரம் ஒரு துளிர் விரிந்தது. மடங்கிவிடக் கூடாதே என்று மனைவி குல்லாயைச் சற்று மேலே தூக்கிவிட்டாள். மாமனார் கண்ணாடியில் பார்த்தார். அடுத்த வேகத்தடையில் வண்டியை மெதுவாக ஏற்றி இறக்கினார்.