‘ரிகிரெட்’ வரை படித்தவன்

1

இது கதையாக வரவேண்டியதே இல்லை. தப்பாகப் புரிந்துகொள்ளப்படும் ஆங்கிலச் சொற்களைப் பற்றி ஒரு கட்டுரை எழுதத்தான் உட்கார்ந்தேன். தகுதி இருக்கிறது: அவற்றில் பாதியை நாற்பது வயதுவரை தப்பாகப் பயன்படுத்தியவன் நான். ‘நான்பிளஸ்ட்’ என்றால் எதற்கும் அசராதவன் என்று நினைத்திருந்தேன். திகைத்து நிற்பவனாம். அதைப் படித்துவிட்டு அப்படியே நின்றேன். அடுத்து, ‘இன்ஃப்ளேமபிள்’. தீப்பிடிக்காது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள், உண்மையில் அது

அந்த வாக்கியம் முடிவதற்குள் டிக்ஷனரி உள்ளே வந்துவிட்டான்.

2

டிக்ஷனரி என்பது ஓர் ஆளின் பட்டப்பெயர். சலவைக்கூடத்தில் துணி மடிப்பவன். கறை நீக்கும் திரவ டப்பாவில் அதே ‘இன்ஃப்ளேமபிள்’ சொல்லைப் பார்த்து, தீயே அண்டாது என்று சொல்லி, இஸ்திரி மேசைக்கடியில் வைக்கச் சொன்ன புண்ணியவான். (கூடம் எரியவில்லை. எரிய வைக்க எனக்குத் துணிச்சல் போதாது.)

ஆங்கிலத்தில் எது வந்தாலும் அங்கே அவனிடம்தான் போகும். தாளைத் தூக்கிப் பிடிப்பான். தெரிந்த சொல் ஒன்று கண்ணில் படும்வரை உதட்டைக் குவித்திருப்பான். பட்டதும் தீர்ப்பு. தெரியாது என்று அவன் சொல்லி யாரும் கேட்டதில்லை.

பக்கத்து மேசையில் இஸ்திரி போடுபவர் அவனுடைய அண்ணி. பன்னிரண்டு வருடமாக நின்றே வேலை. ஒரு மருத்துவமனையின் துணிப்பிரிவில் சூப்பர்வைசர் வேலைக்கு விண்ணப்பித்திருந்தார். அந்த வேலைக்கு நாற்காலி உண்டு. பதில் வந்தது. டிக்ஷனரி அதில் ‘ரிகிரெட்’டைப் பார்த்தான். வருந்துகிறார்கள், கிடைக்கவில்லை என்றான். அண்ணி கடிதத்தை வாங்கி மடித்து வைத்துவிட்டு அடுத்த சட்டையை எடுத்தார்.

வேடிக்கை என்னவென்றால், அந்தச் சொல்லுக்கு அவன் சொன்ன அர்த்தம் சரி. என் பட்டியலிலேயே அது இல்லை.

3

ஒரு வாரம் கழித்து, மதியம். அண்ணி அந்தக் கடிதத்தை விரித்து அதன்மேல் சாப்பாட்டு டப்பாவை வைத்திருந்தார். எதிரே உட்கார்ந்து மென்றுகொண்டிருந்த டிக்ஷனரி, பொழுது போகாமல் முதல்முறையாக அடுத்த வரிகளையும் படித்தான். பதில் தாமதமானதற்குத்தான் வருந்துகிறார்கள். நேர்காணல் வியாழன் காலை பத்து மணிக்கு.

அன்று புதன்.

(முதல் வரைவில் அவன் கடிதத்தைக் கசக்கி எறிகிறான். இரண்டாவதில் தபால்காரர்மேல் பழி போடுகிறான். நானாக இருந்தால் அதைத்தான் செய்திருப்பேன். இந்தப் பயல் இரண்டுக்கும் ஒத்துழைக்கவில்லை.)

“அண்ணி, அன்னிக்கு நான் முழுசாப் படிக்கல.”

“அவ்வளவு நேரம் பாத்துக்கிட்டு இருந்தியே தம்பி?”

“ரிகிரெட்னு ஒண்ணு வந்துச்சு. தெரிஞ்ச வார்த்தை வந்த சந்தோஷத்துல நிறுத்திட்டேன்.”

அண்ணி டப்பாவை நகர்த்தினார். எண்ணெய் பட்ட தாளை அவன் கையில் கொடுத்து, மறுபடி முதலிலிருந்து படிக்கச் சொன்னார். கூடமே கேட்டுக்கொண்டிருக்க, அவன் நான்கு இடத்தில் தெரியவில்லை என்றான். அவன் கண்களில் நீர்

(வேண்டாம். அது இஸ்திரிப்பெட்டியின் ஆவி என்று வைத்துக்கொள்வோம்.)

“நாளைக்கு என் மேசைய யாரு பாக்குறது?”

“நான் பாக்குறேன்.”

“நீயா? சட்டைக்குக் கை எந்தப் பக்கம்னு தெரியுமா உனக்கு?”

“ரெண்டு பக்கமும், அண்ணி.”

4

வியாழன். அண்ணி போயிருக்கிறார். டிக்ஷனரி பதினோரு சட்டை தேய்த்து முடித்தான். ஒவ்வொரு கையிலும் ஒன்றுக்குப் பதில் இரண்டு மடிப்புக் கோடு. பன்னிரண்டு மணிக்குக் கதவு திறந்தது. அண்ணி நேரே மேசைக்கு வந்தார். அவன் பன்னிரண்டாவது சட்டையை மேசையில் விரித்தான். அவர் ஒரு சட்டையைத் தூக்கிப் பார்த்தார். இஸ்திரிப்பெட்டியை அவன் கையிலிருந்து வாங்கினார்.

“நகரு,” என்றார்.

ஒரு வரைவில் வேலை கிடைத்து எல்லாருக்கும் இனிப்பு வாங்கி வந்திருந்தார், எனக்கே திகட்டியது. இன்னொன்றில் கிடைக்கவில்லை, அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. இரண்டையும் அடித்துவிட்டேன். இந்த ‘நகரு’ எந்த ‘நகரு’ என்று நீங்களே உங்கள் வீட்டுக் குரலில் ஒருமுறை சொல்லிப் பாருங்கள். எனக்குக் கேட்டதில் ஓரமாக ஒரு சிரிப்பு இருந்தது. ஆனால் நான் ஆசைப்படுகிற ஆள், என்னை நம்பாதீர்கள்.